ஆர்மீனியத் திருக்கோயில்களும் அவற்றிற்கு உரிய புகழும்

ஆர்மீனிய நாட்டுத் திருக்கோயில்களைப்பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலார் முதற்கண் கூறும் புகழுரை ஒன்றுண்டு. ஐரோப்பியக் கோதிக் ஆலயங்கட்கு இவையே தாய் என்பது அது. படத்தொகுதிகளின் முன்னுரைகளைப் படிப்பினும், பிரயாண நூல்களைப் புரட்டினும், இவ்வுரை எவ்வாற்றானும் வந்து தலைகாட்டாது போவதில்லை. யாம் ஒரு நாள் எம் நூலகத்தில் அமர்ந்து அனி நகரத்துப் பேராலயத்தின் படத்தை நோக்கிக்கொண்டிருந்தபோது, வகுப்புத் தோழர் ஒருவர் எம் தோளின்மேலாக எட்டிப் பார்த்து, "ஓகோ, பாரிசு நகரத்து ஆலயத்திற்குப் பாட்டியன்றோ இது!" என்று நகைத்துப் போயினார். அவர் போனபின்னும் நெடுநேரம் யாம் அப்படத்தை விட்டு எழுந்திலேம். பாட்டி என்ற சொல் எமக்கு உவப்பாயில்லை. ஒரு கட்டடத்தைக் கண்டு, இதன் பேரப்பிள்ளைகள் யாவர் என்று வினவுதலினும், இது யாது, எங்ஙனம் நிற்கின்றது, இதனுள் நின்றோர் என்ன உணர்ந்தனர் என்று வினவுதலன்றோ முறை? அம்முறையில் நோக்குவார்க்கு இக்கோயில்களின் புகழ் வேறிடத்தில் உள்ளது என்பதே யாம் ஈண்டுக் கூற விழைவது. யாம் கட்டடக் கலை பயின்றோமல்லேம். தமிழ் பயிலும் மாணாக்கரேம். அறிஞர் பிழை பொறுப்பாராக.

ஆர்மீனியா மலைநாடு. அங்குக் கல் எளிது. கட்டடத்திற்காகும் நெடுமரம் அரிது. நிலமோ நடுங்கும் இயல்பினது. இம்மூன்றையும் மனத்திற் கொள்ளாதார்க்கு அக்கோயில்கள் விளங்கா. பண்டு எரிமலைகள் உமிழ்ந்த சாம்பல் இறுகி உண்டான ஒருவகைக் கல் அந்நாட்டில் மிகுதி. எடை குறைந்தது, உளிக்கு எளிதில் இடங்கொடுப்பது, இளஞ்சிவப்பு, செங்காவி, கருமை, பொன்மஞ்சள் எனப் பல நிறத்தது. இக்கல்லைக்கொண்டு அந்நாட்டுக் கற்றச்சர் சுவரெடுத்த முறை வியக்கத்தக்கது. உட்புறம் ஒன்றும் வெளிப்புறம் ஒன்றுமாக இழைத்த கற்களை இரு வரிசையாக நிறுத்தி, இடைவெளியிற் சிறு கற்களையும் சுண்ணாம்புச் சாந்தையும் பெய்து நிரப்புவர். சாந்து இறுகியபின் மூன்றும் ஒன்றாகிச் சுவர் முழுதும் ஒரே பாறைபோல் ஆகிவிடும். வெளியே நின்று காண்போர்க்குக் கல்லுங் கல்லும் மயிரிழையும் இடைபுகாது பொருந்தியிருத்தல் மட்டுமே தெரியும். பாரத்தைத் தாங்குவதோ பெரும்பாலும் உள்ளே மறைந்து கிடக்கும் சாந்துக் கலவையே. பாழடைந்த கோயில்கள் சிலவற்றில் முகப்புக் கற்களைப் பிற்காலத்தார் பெயர்த்துத் தம் வீட்டு வேலைக்குக் கொண்டுபோயினர். தோலுரிக்கப்பட்ட அச்சுவர்கள் அங்ஙனமே நிற்கின்றன. உரோமர் கண்ட சாந்துக் கட்டடம் வேறு நாடுகளிற் செங்கல்லோடு சேர்ந்தது. ஈண்டுக் கல்லோடு சேர்ந்து வேறொன்றாயிற்று.

அந்நாட்டரசன் திரிதாத் கிறிஸ்து மார்க்கத்தைத் தழுவிய ஆண்டு 301 என்பது ஆர்மீனியரின் மரபு. ஆராய்ச்சியாளர் பலர் அதனை 314-ஐ ஒட்டி வைப்பர். எவ்வாறாயினும், ஓர் அரசு முழுதும் அம்மார்க்கத்தைத் தனக்குரியதென அறிவித்தது அங்குத்தான் முதலில் நிகழ்ந்தது என்ப. அரசனுக்குத் திருமுழுக்களித்த கிரகோரியார் ஒரு காட்சி கண்டனர். அக்காட்சியில் ஒளியுருவான ஒருவர் வானினின்றிறங்கிப் பொற்சம்மட்டியால் நிலத்தைத் தட்டினர். தட்டிய இடத்தில் தூண்கள் எழுந்தன. தூண்களை வளைவுகள் இணைத்தன. அவற்றின்மேல் முகிலால் ஒரு கும்மட்டம் கவிந்தது. அகதாங்கெலோஸ் என்பார் பெயரால் வழங்கும் பழைய வரலாற்று நூல் இதனைக் கூறும். அவ்விடத்திலே எழுந்தது எச்மியாட்சின் பேராலயம். "ஒரே பேறானவர் இறங்கினார்" என்பது அப்பெயரின் பொருள். இக்கதையைக் கேட்போர் அதிசயத்தை நோக்குவர். எமக்கோ அதன் கட்டட நுட்பமே பெரிதாய்த் தோன்றுகின்றது. தூண், வளைவு, கும்மட்டம் என்ற முறையன்றோ கனவிலும் வழுவாது நிற்கின்றது! அக்கதையை எழுதி வைத்தோர் நாள்தோறும் கண்ட கோயில்களே கனவுக்கு உருவளித்தன போலும்.

எனினும் அந்நாட்டின் தொடக்கக் கோயில்கள் பல கும்மட்டம் உடையனவல்ல. அஷ்தராக், யெரெரூக் முதலிய இடங்களிற் காணப்படுவன 5, 6-ஆம் நூற்றாண்டு நீள்கூடங்கள்; சிரியாவிலும் உரோமையிலும் அக்காலத்து இருந்தவற்றிற்கு உறவானவை. மேற்கே வாயில், கிழக்கே பலிபீடம், இடையே நீண்ட நடை. நுழைந்தவன் கண்ணும் காலும் தாமே கிழக்கு நோக்கிச் செல்லும். கும்மட்டமோ வேறொன்றை வேண்டுகின்றது. அது தன் அடியில் வந்து நில் என்கின்றது. செல் என்னும் கூடத்தையும் நில் என்னும் கும்மட்டத்தையும் ஒரே அறையில் இணக்குவது எளிதன்று. 6-ஆம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி 7-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி கழியுமளவும், நூறாண்டுக்கும் குறைந்த காலத்துள், அந்நாட்டுச் சிற்பிகள் இவ்வொரு கணக்கிற்கு எத்தனை விடை கண்டனர் என்று எண்ணுங்கால் எமக்கு மலைப்புண்டாகின்றது. மஸ்தாரா என்னும் ஊரில் சதுரத்தின் முழு அகலத்தையும் கும்மட்டமே கவ்விக்கொண்டது. கயானே கோயிலில் (630) நான்கு தூண்களின்மேல் நின்று நீள்கூடத்தை அடக்கிற்று. அருச் கோயிலில் தூண்களைச் சுவரோடு ஒட்டவைத்து நடுவிடத்தை முற்றிலும் வெளியாக்கினர். பிறவும் உள.

இவற்றுள் எம் உள்ளத்தைக் கொள்ளைகொண்டது எச்மியாட்சினுக்கு அணித்தாயுள்ள ஹிரிப்சிமே கோயில். உரோமையினின்று தப்பிவந்து, திரிதாத் மனம் மாறுவதற்கு முன் அவனாற் கொலையுண்ட கன்னியின் கல்லறைமேல், கோமித்தாஸ் என்னும் தலைமைப் பேராயர் 618-இல் எடுப்பித்தது. வெளியே நின்று பார்ப்பார்க்கு அது பெரிதன்று. ஏறக்குறைய ஒரு நாற்கோணப் பெட்டி. மேலே பல கோணங்களையுடைய கழுத்து. அதன்மேற் கூம்பிய கூரை. உள்ளே புகுந்தாலோ கோணங்கள் மறைந்துபோகின்றன. நாற்றிசையிலும் நான்கு அரைவட்ட மாடங்கள். அவற்றின் இடையிடையே முக்கால் வட்டமாகக் குடைந்த நான்கு சிறு மாடங்கள். அச்சிறு மாடங்களின் வழியே மூலையறைகளுக்குச் செல்லும் வாயில்கள். ஆக எட்டு வளைவுகள் கையோடு கை கோத்துக் கும்மட்டத்தைத் தலைமேல் ஏந்துகின்றன. கும்மட்டம் வெளிநோக்கித் தள்ளும் விசையை ஒரு மாடம் வாங்கி அடுத்த மாடத்திற்கு அளிக்க, அது மூலையறைச் சுவருக்கு அளிக்க, பாரம் ஓசையின்றி நிலத்தை அடைகின்றது. சதுரம் எட்டாகி, எட்டு வட்டமாகும் இடத்தை எவரும் சட்டென்று சுட்டிக்காட்ட இயலாது. இன்னுமொன்று: வெளிச்சுவரில், மாடங்களுக்கிடையே கல் வேண்டாத இடங்களைத் தெரிந்து, முக்கோண வடிவாய் ஆழக் குடைந்து நெடிய நிழற்கோடுகளாக்கினர். எடையும் குறைந்தது, உள்ளே என்ன உளது என்பதையும் வெளியே நிற்பார்க்கு அந்நிழல் உணர்த்துகின்றது. அணி வேறு, பயன் வேறு என்னும் பேச்சிற்கே அங்கு இடமில்லை. பிற்காலத்தார் செய்த பழுதுபார்ப்பும் சேர்த்த மணிக்கூண்டும் உண்டெனினும், அக்கோயில் 1,400 ஆண்டுகளாக நிலநடுக்கங்களுக்கு ஈடுகொடுத்து நிற்கின்றது.

அதனை அடுத்து, சில மைல் தொலைவில், ஒரு தலைமுறைக்குப்பின் எழுந்தது ஸ்வார்த்நோத்ஸ். மூன்றாம் நெர்சேஸ் என்னும் தலைமைப் பேராயர், "கட்டுவித்தோர்" என்று சிறப்புப்பெயர் பெற்றவர், 7-ஆம் நூற்றாண்டின் நடுவில் அதனை எடுத்தனர். உள்ளே நான்கு மாடங்கள், அவற்றுள் மூன்று சுவரின்றித் தூண்களாலேயே வளைந்தன. சுற்றிலும் வட்டமான நடை. வெளிச்சுவர் 32 பக்கங்கள் உடையதாய் வட்டம்போலவே தோன்றும். தூண்தலைகளிற் கழுகுகள் சிறகு விரித்தன. அதன் அழகை அக்காலத்தார் பெரிதும் போற்றினர். ஆனால் முந்நூறாண்டு கழிந்தபோது அது மண்மேடாய்க் கிடந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேட்டை அகழ்ந்து அடித்தளத்தையும் சிதறிய கற்களையும் கண்டெடுத்தனர். தோரோஸ் தோராமானியன் என்னும் கட்டடக் கலைஞர் அக்கற்களை அளந்து, அக்கோயில் மூன்று அடுக்காய், ஒன்றன்மேலொன்று குறுகி, வட்டமாய் எழுந்து நின்றதென்று வரைந்து காட்டினார். நம்பாதார் பலர். 1906-இல் அனி நகரத்தை அகழ்ந்துகொண்டிருந்த நிக்கோலாய் மார் என்பார் மண்ணினடியில் ஓர் அரசனின் கற்சிலையைக் கண்டார். அது முதலாம் காகிக் மன்னனுடையது; அவன் கையில் ஒரு கோயிலின் சிற்றுருவம்; அது மூன்றடுக்கு வட்டக் கோயில். ஸ்வார்த்நோத்ஸைப் பார்த்து அம்மன்னன் அனியில் எடுத்த கோயிலின் உரு அது. தோராமானியன் வரைந்தது பெரிதும் அங்ஙனமே இருந்தது. அறிவின் துணிவு வெற்றிகொண்ட வரலாறுகளுள் இஃது ஒன்றாயினும், கோயிலுக்கு அதனால் மதிப்பு மிகுந்ததாக எமக்குத் தோன்றவில்லை. பிறர் வியத்தற்பொருட்டு எழுப்பிய மெல்லிய தூண்வளையம் அந்நிலத்திற்கு ஒவ்வாதது. காகிக் மன்னன் எடுத்த படியும் நெடுங்காலம் நின்றிலது. மூலமும் படியும் இரண்டும் வீழ்ந்தன. சிறிய ஹிரிப்சிமே நின்றது. கடைக்கால் மட்டும் எஞ்சிய ஒன்றிற்காக நூல்கள் பல பக்கம் ஒதுக்கி, நிற்பதற்குச் சில வரிகளோடு அமைதலை யாம் ஒருபோதும் ஒப்பேம்.

அரபியர் ஆட்சியில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக உளியோசை பெரும்பாலும் அடங்கிற்று. 9-ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பகராத்துனி மரபினர் முடிசூடியபின் மீண்டும் எழுந்தது. தெற்கே வான் ஏரியின் நடுவிலுள்ள அக்தமார்த் தீவில், காகிக் அர்த்ஸ்ருனி என்னும் வேறொரு மன்னனுக்காக மனுவேல் என்னும் சிற்பி 915 முதல் 921 வரை எடுத்த சிறு கோயிலை யாவரும் அறிவர். அதன் வெளிச்சுவர் முழுதும் புடைப்புச் சிற்பம். ஆதாமும் ஏவாளும், யோனாவும் மீனும், தாவீதும் கோலியாத்தும் வரிசையாய் நிற்கின்றனர். மேலே கொடிமுந்திரிப் பந்தல் கோயிலைச் சுற்றி ஓடுகின்றது. பந்தலினுள்ளே கரடியும் வேட்டுவரும். மேற்கு முகப்பில் அரசன் கோயிலின் சிற்றுருவைக் கையிலேந்திக் கிறிஸ்துவின்முன் நிற்கின்றான். எழுத்தறியா எளியோனும் சுற்றிவந்து படிக்கத்தக்க வேதபுத்தகம் என்று கூறின் மிகையன்று. ஆனால் வேறெந்த ஆர்மீனியக் கோயிலிலும் இத்துணை உருவங்கள் இல்லை. அக்தமாரைக் கொண்டு அந்நாட்டுக் கலை முழுவதையும் அளப்பது தவறு.

இனி அனிக்கு வருவோம். 961-இல் தலைநகரான அவ்வூர் நூறாண்டுக்குச் சற்றே மேற்பட்ட காலத்தில், 1064-இல், செல்ஜுக் துருக்கியர்க்கு வீழ்ந்தது. அக்குறுகிய காலத்திற்குள் திரதாத் என்னும் சிற்பி அங்கு வாழ்ந்தான். முதற் கிறிஸ்தவ அரசன் பெயரே அவன் பெயரும். பேராலயம் அவன் கைவேலை. 989-இல் தொடங்கி 1001-இல் முடிந்தது. முடித்தவள் காத்ரானிதே அரசி. நடுவே ஒரு செய்தி: 989-இல் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் கான்ஸ்தாந்திநோபிள் நகரத்து ஹாகியா சோபியாவின் பெருங்கும்மட்டத்தில் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது. ஏறத்தாழ 31 மீட்டர் அகலமுள்ள கும்மட்டம் அது. அதனைச் செப்பனிடுமாறு திரதாத்தையே பைசாந்தியர் ஏவினர் என்றும், அவன் வரைபடமும் சிற்றுருவும் அமைத்துக் காட்டிப் பணிமுடித்தான் என்றும், அக்காலத்து ஆசிரியரான தாரோன் நாட்டு ஸ்தெபானோஸ் எழுதியுள்ளார். பேரரசு ஒன்று தன் தலையாய ஆலயத்தைச் சிறிய அண்டைநாட்டான் கையில் ஒப்படைத்தது! காகிக் மன்னன் ஆவலுக்கிணங்கி ஸ்வார்த்நோத்ஸைப் படியெடுத்தவனும் இவனே. அறிந்தோனும் அரசன் சொற்கு அடங்குதல் எந்நாட்டிலும் உண்டு.

பேராலயத்தினுள் தூண்கள் ஒற்றைத் தூண்களல்ல. பல மெல்லிய தண்டுகளைக் கட்டாகச் சேர்த்தாற்போல்வன. அவற்றின்மேல் எழும் வளைவுகள் உச்சியிற் கூரியன. பாரிசிலும் இங்கிலாந்திலும் கோதிக் ஆலயங்கள் எழுவதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட காலத்திற்கு முன்னர் இஃது எழுந்தது. பாட்டிக் கதை பிறந்த இடம் இதுவே. 1913-இல் ஆர்மீனியாவிற்குச் சென்ற வியன்னாப் பேராசிரியர் ஜோசப் ஸ்ட்ரிகோவ்ஸ்கி, தோராமானியன் பல்லாண்டு அளந்து திரட்டியவற்றைத் துணைக்கொண்டு 1918-இல் இரு பெருந்தொகுதிகள் வெளியிட்டார். சதுரத்தின்மேல் கும்மட்டம் வைக்கும் முறை ஆர்மீனியாவில் தோன்றி மேற்கே சென்றது என்பது அவர் கொள்கை. உரோமையை அன்றி வேறொன்றையும் மூலமாகக் கொள்ளாத அறிஞருலகில் கிழக்கை நோக்கச் செய்ததற்காக அவர்க்கு நன்றி கூறலாம். ஆயினும் அவர் அத்துடன் நின்றிலர். அக்கும்மட்டத்தின் வேரை ஆரிய இனத்தின் பண்டை மரவீடுகளிற் கொண்டுபோய் நட்டனர். இன உயர்வு பேசும் வழக்கிற்கு ஆர்மீனியக் கற்கள் சாட்சியாக இழுக்கப்பட்டன. ஆர்மீனியர்பால் அன்புடையார் பலரும், புகழ் கிடைக்கின்றதே என்று அச்சாட்சியத்தை வரவேற்றனர். 1915-இல் தொடங்கிய படுகொலையில் இனமே அழிவெய்திய அந்நாளில், உலகம் தம்மை ஒரு பொருளாக மதிக்க அவர்கள் விழைந்ததில் வியப்பில்லை. அவர்களைக் குறைகூற எமக்கு நா எழாது. ஆனால் அவ்வுரையை இன்னும் ஆராயாது கிளிப்பிள்ளைபோற் கூறித்திரியும் நம்மனோரைக் குறைகூறலாம்.

கொள்கைதான் நிலைக்குமோ? கூர்வளைவு இஸ்லாமிய நாடுகளில் அனிக்கு முன்னரே உண்டு. கோதிக் ஆலயத்தின் உயிர் கூர்வளைவன்று. பாரத்தைச் சில எலும்புகள்மேல் ஒதுக்கி, சுவரைக் கண்ணாடியாக்கி, வெளியே பறக்குந் தாங்கல்களை நிறுத்தியதே அதன் உயிர். அனியிலோ சுவரே பாரந்தாங்குவது, சன்னல்கள் குறுகியன, தாங்கல்கள் வெளியே இல்லை. இரண்டும் ஒத்திருப்பது உயர்ச்சி வேட்கையால். பிறப்பினால் அன்று என்பதே எமது துணிபு. திரதாத்தின் வேலையை நேரிற் கண்டு பிரான்சு தேசத்திற்குச் சென்ற சிற்பி ஒருவனையும் எவரும் காட்டவில்லை.

கலைவடிவம் மக்களோடு எளிதிற் பெயர்ந்து செல்லும் என்பார்க்கு நம் சென்னையிலே ஒரு சான்றுண்டு. அரண்மனைக்காரன் தெரு என்று நாம் வழங்கும் தெருவிற்கும் அரண்மனைக்கும் யாதோர் இயைபும் இல்லை. ஆர்மீனியர் தெரு என்பது நம் நாவில் அங்ஙனந் திரிந்ததென்பர். அங்கு 1772-இல் எடுக்கப்பட்ட ஆர்மீனியக் கோயில் இன்றும் உளது. ஆறு மணிகள் தொங்கும் மணிக்கூண்டு உண்டு. நடுவே கழுத்தெழுந்து கூம்பாய் முடியும் கும்மட்டமோ இல்லை. ஆர்மீனிய மொழியில் உலகத்திலேயே முதன்முதல் வெளிவந்த பத்திரிகையான அஸ்தராரை 1794-இல் அச்சிட்ட ஷமாவோனியன் குருவானவர் இச்சென்னையில் வாழ்ந்தவரே. எழுத்தையும் வழிபாட்டையும் கடல்கடந்து கொணர்ந்தோர், கும்மட்டத்தைக் கொணர்ந்திலர். வணிகர் கற்றச்சரல்லரே எனின், அதுவே யாமும் கூறுவது: அக்கலை அந்நாட்டுக் கல்லோடும் அந்நாட்டுக் கைகளோடும் பிணைந்தது, வழிப்போக்கர் மூட்டையில் அடங்குவதன்று.

பாட்டிக் கதையால் விளைந்த பெருங்கேடு யாதெனின், எவற்றிற்குப் பேரப்பிள்ளைகள் இல்லையோ அவை கண்ணிற்படாது போனமை. ஹக்பாத், சனாகின் என்னும் மடங்களிற் கோயிலுக்கு மேற்கே பெரிய முன்மண்டபங்கள் உள. காவித் என்பது அவற்றின் பெயர். ஊர்மன்றமும் அங்கே, கல்லறையும் அங்கே. அவற்றின் கூரை அமைந்த விதம் அந்நாட்டுக் குடியானவன் வீட்டினின்று வந்தது. அவன் மரக்கட்டைகளை ஒன்றன்மேலொன்று குறுக்காய் அடுக்கி, மேலே குறுகவைத்து, உச்சியில் புகைபோகவும் ஒளிபுகவும் ஒரு துளை விடுவான். அத்துளையையே சிற்பிகள் கல்லில் அமைத்தனர். ஹக்பாத்தில் இரண்டிரண்டாய்க் குறுக்கிடும் மாபெரும் வளைவுகளை எறிந்து, நடுவிற் பிறந்த சதுரத்தின் வழியே ஒளியை இறக்கினர். குடிசைக் கூரை மடத்தின் மண்டபமானது! இதனினும் அந்நாட்டிற்கு உரிமையான படைப்பு வேறு யாது? கெகார்து மடத்திலோ 13-ஆம் நூற்றாண்டினர் கட்டுதலையே கைவிட்டு, மலையைக் குடைந்து, தூணும் வளைவும் கும்மட்டமும் உச்சித் துளையும் உள்ளே வைத்தனர். குடைந்த பாறைக்குத் தூண் எற்றுக்கு? தாங்குவதற்கு ஒன்றுமில்லை. எனினும் தூண் இன்றேல் அவர்களுக்கு அது கோயிலாகத் தோன்றவில்லை. கால்த்ஸாக் என்னும் சிற்பி அங்குத் தன் பெயரைப் பொறித்துவைத்துள்ளான். பாறையினின்று ஊறும் சுனை ஒன்று கோயிலுக்குள்ளேயே ஓடுகின்றது. இவ்விடங்கள் எவற்றையும் எவற்றிற்கும் பாட்டி என்று கூற இயலாமையின், புகழ்வோர் விரைந்து கடந்துபோகின்றனர்.

இஃது ஏட்டு வழக்கன்று. இடிபாடுகளை என்செய்வது என்னும் வழக்கும் இதனோடு பிணைந்தது. 1915-க்குப் பின் துருக்கி நாட்டெல்லைக்குள் வழிபடுவாரின்றி நின்ற கோயில்கள் பல கொட்டிலாயின, பல கற்குவாரியாயின. கிட்ஸ்கோங்க் என்னும் மடத்தில் நின்ற ஐந்து கோயில்களுள் நான்கு 20-ஆம் நூற்றாண்டில் மறைந்தன. அனியில் மீட்பர் கோயில் 1957-இல் நெடுக்காகப் பிளந்து பாதி சரிய, மறுபாதி திறந்த அலமாரிபோல் நின்றது. அக்தமார் 2005 முதல் 2007 வரை செப்பனிடப்பட்டுக் காட்சிச்சாலையாயிற்று. 2010-இல் அங்கு மீண்டும் திருவழிபாடு நடைபெற்றது. அவ்வாண்டே கூரைமேற் சிலுவையும் ஏறிற்று. அனி 2016-இல் உலக மரபிடங்களின் பட்டியலிற் சேர்ந்தது. இவையெல்லாம் நன்றே. ஆனால் 1319-இல் வீழ்ந்த திரதாத்தின் கும்மட்டத்தை முன்னிருந்தபடியே எழுப்புக என்றும், ஸ்வார்த்நோத்ஸை மூன்றடுக்காய் மீண்டும் நிறுத்துக என்றும் கூறுவாருளர். கோதிக்கின் தாய் என்று புகழ்வோரே இதில் முந்துவர். தாயின் முகத்தை உலகிற்குக் காட்டவேண்டுமே!

எம் கருத்து வேறு. ஆர்மீனியர் இடிந்ததை எடுத்துக் கட்டாதவரல்லர். எச்மியாட்சின் பேராலயமே 480-களிலும் 7-ஆம் நூற்றாண்டிலும் பின்னரும் மாற்றியும் புதுக்கியும் கட்டப்பட்டதே. ஆயினும் அங்கே ஒவ்வொரு முறையும் வழிபடுவோர் உள்ளே நின்றனர். அவர்கள் தலைக்குமேல் கூரை வேண்டியிருந்தது. கியும்ரி நகரத்தில் 19-ஆம் நூற்றாண்டில் அனிப் பேராலயத்தை நினைந்து ஒரு மீட்பர் ஆலயம் எழுப்பினர். 1988 டிசம்பர் 7-இல் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் அது சரிந்தது. அந்நாளில் மாண்டோர் ஏறத்தாழ 25,000 பேர். அதனை அந்நகரத்தார் மீண்டும் எடுத்துக் கட்டப் புகுந்தமை முற்றிலும் தகும். மடிந்தோர்க்காக மன்றாட ஓரிடம் அவர்களுக்கு வேண்டும். படி என்று எவரேனும் இகழின் இகழ்க. எரெவான் நகரில் 2001-இல் 1,700-ஆம் ஆண்டு விழாவை முன்னிட்டு 1,700 பேர் அமர எழுந்த புதிய பேராலயத்தைப்பற்றி எமக்கு அத்துணை ஆர்வமில்லை. எண்ணிக்கையை முதலில் வைத்துக் கட்டடத்தைப் பின்னர் வரைந்தாற்போன்றது அது. அதற்கும் ஞாயிறுதோறும் மக்கள் வருகின்றனர் என்பதை மறுப்பதற்கில்லை.

அனியிலோ மக்கள் இல்லை. அங்கு வருவோர் காண்போர் மட்டுமே. 1988-ஆம் ஆண்டின் நடுக்கம் எல்லைகடந்து பேராலயத்தின் வடமேற்கு மூலையையும் சரித்தது. அம்மூலையைத் தாங்குக, விரிசல்களில் பழைய முறையிலேயே சுண்ணாம்புச் சாந்து பெய்க, சிமிட்டியை அணுகவிடற்க, வீழ்ந்த கற்களை எண்ணிட்டு அவ்விடத்திலேயே அடுக்கி வைக்க. கும்மட்டத்தை மட்டும் எழுப்பற்க. அதன் கழுத்து எத்துணை உயர்ந்திருந்தது, சன்னல்கள் எத்துணை என்பனவற்றைத் திரதாத் அறிவான், நாம் ஊகிக்கின்றோம். நம் ஊகத்தைக் கல்லாக்கி அவன் தூண்கள்மேல் ஏற்றிவிட்டால், தோராமானியனைப்போல் நாளை ஒருவன் அங்கு வந்து அளக்கத் தொடங்கும்போது, அவனுக்கு எஞ்சுவது யாது?